பழைய வீட்டின் மேல் மாடி எடுக்கப் போகிறீர்களா? மேஸ்திரியைக் கூப்பிடும் முன் செய்ய வேண்டியவை

எங்கள் வீடு திருச்சியில் இருக்கிறது. 30க்கு 50 மனை. அதில் 1998இல் அப்பா கட்டிய 950 சதுர அடி தரைத்தளம். மொட்டை மாடிக்குத் துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் பில்லர் கம்பிகளில் முழங்கையை இடித்துக்கொண்டு வளர்ந்தவன் நான். பிற்காலத்தில் மாடி எடுக்கலாம் என்று அப்பா விட்டுவைத்த கம்பிகள் அவை. அவற்றை நம்பி 2024 தை மாதத்தில் மேஸ்திரிக்கு ஒரு லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்தேன். முதல் கல் வைத்தது அடுத்த தையில்தான். இடைப்பட்ட ஓராண்டில் எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில் செய்து கற்றுக்கொண்டேன். அந்த வரிசையை நேராக்கி இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில், தரைத்தளம் மட்டும் உள்ள சொந்தத் தனி வீட்டின் மேல் முதல் தளம் கட்டுபவர்களுக்கானது இது.

1. முதல் பணம் கட்டமைப்புப் பொறியாளருக்கு

எங்கள் மேஸ்திரி மாடிக்கு வந்தார், குதிகாலால் தளத்தை இரண்டு தட்டு தட்டினார், "தாராளமாகத் தாங்கும் சார்" என்றார். சோதனை முடிந்தது. நானும் மகிழ்ந்துபோனேன். இந்தத் தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

வரைபடம் போடுபவரும் கட்டமைப்புப் பொறியாளரும் ஒருவரல்லர். அறை எங்கே, ஜன்னல் எங்கே என்பது முன்னவர் வேலை. கீழே உள்ள அஸ்திவாரம், பில்லர், பீம் ஆகியவை புதிய எடையைத் தாங்குமா என்று கணக்குப் போட்டுச் சொல்பவர் பின்னவர். உள்ளாட்சி அமைப்பிலோ நகர் ஊரமைப்புத் துறையிலோ பதிவு பெற்றவராகப் பாருங்கள். உறுதிச் சான்றில் அவருடைய பதிவு எண் வேண்டும்.

அவர் வந்து என்ன செய்ய வேண்டும்?

முதலில், வீடு பில்லரில் நிற்கிறதா, சுவரில் நிற்கிறதா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். எண்பதுகள், தொண்ணூறுகளில் கட்டிய பல வீடுகளில் போர்ட்டிகோவுக்கு மட்டும் பில்லர் இருக்கும். மற்றதெல்லாம் 9 அங்குலச் சுவர் மேல் உட்கார்ந்திருக்கும். சுவர் தாங்கும் வீட்டிலும் மாடி கட்டலாம். ஆனால் மேல் சுவர்கள் கீழ்ச் சுவர்களுக்கு நேர் மேலேயே வர வேண்டும். "ஹாலைப் பெரிதாக்கி, நடுச்சுவரை எடுத்துவிடலாம்" என்ற ஆசையெல்லாம் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, ஒரு பில்லர் ஓரமாகக் குழி தோண்டி அஸ்திவாரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். வீட்டைச் சுற்றித் தோட்டத்தையும் சிமென்ட் தரையையும் உடைக்க வேண்டியிருப்பதால் பலரும் இதைத் தவிர்க்கிறார்கள். எங்கள் வீட்டில் நாலரை அடி ஆழத்தில் மூன்றடிச் சதுர ஃபுட்டிங், அதாவது பில்லரின் அடியில் உள்ள கான்கிரீட் பீடம், இருந்தது. அந்த அளவு தெரியாமல் போடும் கணக்கு எல்லாமே ஊகம்தான். கரிசல் மண்ணில் வீடு இருந்தால் இன்னும் கவனம் தேவை. மழையில் ஊதி வெயிலில் வெடிக்கும் மண் அது.

மூன்றாவது, கான்கிரீட் பரிசோதனை. ரீபவுண்ட் ஹேமர் என்ற சுத்தியல் கருவியால் பில்லர்களைத் தட்டிப் பார்ப்பார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றில் உள்ள கரியமில வாயுவால் இறுகிப்போயிருக்கும்; கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். ஆகவே அதோடு நிறுத்தாமல், கான்கிரீட்டுக்குள் ஒலியலை செலுத்திப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சோதனையும் செய்யச் சொல்லுங்கள்.

இப்போது அந்தக் கம்பிகள். 26 ஆண்டு வெயிலிலும் மழையிலும் நின்றவை. கம்பி நீட்டிக்கொண்டிருப்பது ஒரு காலத்தில் மாடி கட்டும் எண்ணம் இருந்தது என்பதற்குத்தான் சாட்சி. அஸ்திவாரம் அதற்கேற்றபடி போட்டார்கள் என்பதற்கு அல்ல. புதுக் கம்பியோடு பிணைக்க, கம்பியின் விட்டத்தைப் போல் சுமார் 50 மடங்கு நீளம் மேலே இருக்க வேண்டும் என்பது தளத்தில் பின்பற்றும் கணக்கு. 16 மி.மீ. கம்பி என்றால் 80 செ.மீ., அதாவது இரண்டே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் கம்பிகள் ஒன்றரை அடிதான் இருந்தன. பாதி, துரு அரித்து மெலிந்திருந்தன. யாரோ வளைத்து, மறுபடி நிமிர்த்திய கம்பிகளும் இருந்தன. அப்படிச் செய்தால் வளைந்த இடத்தில் பலம் போய்விடும். கடைசியில் பெரும்பாலானவற்றை அறுத்தெறிந்துவிட்டு, பில்லருக்குள் துளையிட்டு ரசாயனப் பசையில் புதுக் கம்பி பதித்தோம். இரண்டு பில்லர்களைச் சுற்றிக் கூடுதல் கம்பியும் கான்கிரீட்டும் போட்டுத் தடிமனாக்க வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் 1,40,000 ரூபாய்.

பொறியாளருக்கும் சோதனைகளுக்கும் சேர்த்து 32,000 ரூபாய், மூன்று வாரம். அறிக்கையை எழுத்தில், கையெழுத்தும் முத்திரையுமாக வாங்குங்கள். வாய்ச்சொல் வங்கிக்கும் ஆகாது, மாநகராட்சிக்கும் ஆகாது.

2. காகிதங்களை இப்போதே எடுத்து வையுங்கள்

பொறியாளர் மண்ணைத் தோண்டும்போதே நீங்கள் பீரோவைத் தோண்டத் தொடங்கலாம். தேவைப்பட்டவை:

கிரயப் பத்திரமும் அதற்கு முந்தைய மூலப் பத்திரமும், உங்கள் பெயரில் பட்டா, நகரப் பகுதியானால் நகர நிலஅளவைப் பதிவேட்டின் நகல், புலப்படம், வில்லங்கச் சான்று, நடப்பு ஆண்டு வரை கட்டிய சொத்து வரி ரசீது, பழைய வீட்டுக்கு அந்நாளில் வாங்கிய அனுமதி வரைபடம். உங்கள் மனை, அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவில் இருந்தால் வரன்முறை ஆணையும் வேண்டும். 2017இல் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளுக்கானது. அது முடியாமல் மாடிக்கு அனுமதி கேட்டுப் பயனில்லை.

வில்லங்கச் சான்றும் பட்டாவும் இணையத்தில் கிடைக்கும். தொல்லை தருவது வேறு இரண்டு.

ஒன்று, பட்டா பெயர். பத்திரம் அப்பா பெயரில் இருந்தது. பட்டாவோ அப்பாவுக்கு மனையை விற்றவர் பெயரிலேயே இருந்தது! 26 ஆண்டுகளாக யாரும் கவனிக்கவில்லை. பெயர் மாற்றம் முடிய இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இன்னொன்று, வீடு யார் பெயரில் இருக்கிறது, கடன் யார் வாங்குகிறார் என்பது. நான் கடன் கேட்ட வங்கி, சொத்து என் பெயருக்கு வந்தாக வேண்டும் என்றது. அப்பா எனக்குச் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். 2023 ஜூலை முதல், குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத் தீர்வை மதிப்பில் 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய்; பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். எங்கள் சொத்தின் வழிகாட்டி மதிப்புக்கு இரண்டும் சேர்த்து 38,000 ரூபாய் ஆயிற்று. பெற்றோர் ஆயுள் வரை அதே வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பத்திரத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். தங்கை இருந்தால், பத்திர அலுவலகத்துக்குப் போகும் முன் அவளிடம் உட்கார்ந்து பேசுங்கள். பிறகு பேசினால் அது பேச்சாக இருக்காது.

எல்லாம் சேர்ந்து எனக்கு நான்கு மாதம். முன்கூட்டித் தொடங்கியிருந்தால் பாதியில் முடிந்திருக்கும்.

3. வடிவமைப்பு: படிக்கட்டு, கழிப்பறை, அதன்பிறகே மற்றவை

எல்லோரும் படுக்கையறையிலிருந்து வரையத் தொடங்குகிறார்கள். நானும்தான். மாடி வீட்டில் முதலில் இடம் பிடிக்க வேண்டியது படிக்கட்டு.

மொட்டை மாடிக்குப் போக ஏற்கெனவே ஒரு படி இருக்கிறதே என்பீர்கள். அதை நாடாவால் அளந்து பாருங்கள். எங்களுடையது அகலம் இரண்டரை அடி, ஒவ்வொரு படியும் 8 அங்குல உயரம். வாளியோடு ஏற அது போதும். கட்டிலும் பீரோவும் ஏறாது. முழங்கால் வலிக்கும் அம்மா ஏறவே முடியாது. குடியிருக்கும் மாடிக்குப் படி அகலம் மூன்றடிக்குக் குறையக் கூடாது; உயரம் 6 முதல் 7 அங்குலம், கால் வைக்கும் பகுதி 10 அங்குலம்.

கணக்கு இப்படி: தரையிலிருந்து மேல்தளம் வரை பத்தரை அடி, அதாவது 126 அங்குலம். ஒரு படிக்கு 7 அங்குலம் வைத்தால் 18 எழுச்சி. பாதியில் திரும்பும் படியாகப் பிரித்தால் பக்கத்துக்கு 9. ஆக, கால் வைக்கும் பகுதி 8, அதாவது ஆறே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. திரும்புமிடம் 3 அடி. தொடங்குமிடத்தில் நிற்க 3 அடி. மொத்தம் கிட்டத்தட்ட 13 அடி நீளம், ஆறரை அடி அகலம். ஒரு சிறிய அறையே போய்விடும். அது வீட்டுக்குள் போகிறதா, வெளியே போகிறதா என்பதை முடிவு செய்துவிட்டால் மற்ற அறைகள் தாமாக அமையும். பிற்காலத்தில் மாடியை வாடகைக்கு விட எண்ணினால் வெளிப்படிதான் சரி. ஆனால் வெளிப்படி, வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்தைத் தின்னும், அனுமதியில் இடிக்கும். இதை வரைபடம் போடுபவரிடம் முதல் நாளே கேளுங்கள்.

அடுத்தது கழிப்பறை. புது வீட்டில் கழிப்பறைத் தளத்தை முக்கால் அடி பள்ளமாக இறக்கி, அதற்குள் குழாய்களைப் படுக்கவைப்பார்கள். உங்கள் மொட்டை மாடியோ சமதளம். பள்ளம் கிடையாது. ஆகவே குழாய் போக, கழிப்பறைத் தரையை உயர்த்த வேண்டும்; அறையிலிருந்து ஒரு படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். வயதானவர்களுக்கு அது ஆபத்து. இதற்கு மாற்று, கழிப்பறையை வெளிச்சுவரை ஒட்டி வைத்து, சுவரில் மாட்டும் கோப்பை பொருத்தி, கழிவுக் குழாயை நேராகச் சுவர் வழியாக வெளியேற்றுவது. செலவு கூடும், ஆனால் தரை சமமாக இருக்கும். முடிந்தவரை மேல் கழிப்பறை கீழ்க் கழிப்பறைக்கு நேர் மேலே வரட்டும். கீழே பூஜையறை, மேலே கழிப்பறை என்று வரைந்துகொண்டு வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, எடை. 10 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள 9 அங்குலச் செங்கல் சுவர், பூச்சு இல்லாமலே சுமார் 4 டன். அதே சுவரை 8 அங்குல ஏஏசி கல்லில், அதாவது காற்றுக் குமிழ்கள் நிறைந்த இலகு கான்கிரீட் கல்லில் கட்டினால் ஒன்றேகால் டன்னுக்குள் நிற்கும். எங்கள் அஸ்திவாரம் தப்பியது இதனால்தான். மேஸ்திரி "பொரி உருண்டை மாதிரி இருக்கிறதே" என்று முகம் சுளித்தார். கல் இலகுவாக இருப்பதுதானே நமக்கு வேண்டும்? ஒரு குறை உண்டு: கனமான அலமாரியோ தொலைக்காட்சியோ மாட்ட அதற்கென்று உள்ள ஆணி வகை வேண்டும். எந்தச் சுவரும் பீமுக்கு மேலே வரட்டும். தளத்தின் நடுவில் சுவர் எழுப்பச் சொன்னால் பொறியாளரிடம் கேட்காமல் தலையாட்டாதீர்கள். 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் ஒரு டன். அது பில்லருக்கு மேலே உட்காரட்டும்.

4. மின்கம்பியை அளந்துவிட்டு பால்கனி வரையுங்கள்

இதை யாரும் சொல்லித் தரவில்லை. தெருவில் போகும் மின்கம்பி, வீடு கீழ்த்தளத்தோடு இருந்தவரை தலைக்கு மேலே இருந்தது. மாடி எடுத்ததும் பால்கனிக்கு எதிரே வந்துவிட்டது. வீடுகளுக்கு வரும் சாதாரணத் தாழ்வழுத்தக் கம்பியானால் பக்கவாட்டில் 1.2 மீட்டர், நேர் மேலே 2.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணைய விதி. 11 கிலோவோல்ட் கம்பியானால் பக்கவாட்டில் அதே 1.2 மீட்டர், மேலே 3.7 மீட்டர். கம்பி காற்றில் ஆடும் தூரத்தையும் சேர்த்துத்தான் இந்த அளவு. நான் வரைந்த மூன்றடி பால்கனியின் விளிம்பிலிருந்து கம்பி இரண்டரை அடியில் இருந்தது. பால்கனியை ஒன்றரை அடிக்குச் சுருக்கினேன். கம்பத்தை நகர்த்த மின்வாரியத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனால் செலவு உங்களுடையது, காலம் அவர்களுடையது.

கம்பியை நீங்களே நாடா வைத்து அளக்க வேண்டாம். கம்பத்துக்கும் சுவருக்குமான தூரத்தைத் தரையில் அளந்தாலே போதும்.

5. அனுமதி

தமிழ்நாட்டில் இதற்கான விதிகள் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். தனி வீடு போன்ற உயரம் குறைந்த கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது 1,500 சதுர அடி மனையில் எல்லாத் தளமும் சேர்த்து 3,000 சதுர அடி வரை. பரப்பில் பெரும்பாலும் யாரும் சிக்குவதில்லை. சிக்குவது சுற்றிலும் விட வேண்டிய காலி இடத்தில். அது சாலை அகலம், மனை அகலம், கட்டட உயரம் மூன்றையும் பொறுத்து மாறும்.

பெரிய பொறி இதுதான்: அப்பா காலத்து அனுமதி வரைபடத்தில் பின்பக்கம் ஐந்தடி விட்டிருப்பார்கள், பிறகு யாரோ ஒரு துவைக்கும் இடத்தை அதில் கட்டியிருப்பார்கள். மாடிக்கு விண்ணப்பிக்கும்போது கீழ்த்தளமும் கணக்கில் வரும். ஆகவே பழைய வரைபடத்தையும் நிற்கும் வீட்டையும் முதலில் ஒப்பிடுங்கள். நாங்கள் துவைக்கும் இடத்தின் தகரக் கூரையைப் பிரித்த பிறகே விண்ணப்பித்தோம்.

2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள்: 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரையான வீட்டுக்கு, தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால், இணையத்தில் உடனடி அனுமதி. உடனடி என்பதால் பொறுப்பு குறைந்துவிடவில்லை. சொன்ன விவரம் எல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். பழைய வீடு தன் வரைபடத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் குறுக்குவழியில் இறங்காதீர்கள். நான் வழக்கமான வழியில் ஒற்றைச் சாளர இணையதளம் மூலம், உரிமம் பெற்ற பொறியாளரைக் கொண்டு விண்ணப்பித்தேன். ஆறு வாரம் ஆயிற்று. கட்டணங்களோடு, கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலநிதியும் உண்டு. வரைபடம் போட்டவர் கூலியோடு எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய்.

"கட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தெருவில் நான்கு பேராவது சொல்வார்கள். அனுமதியில்லாத கட்டடத்தைப் பூட்டி முத்திரை வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அந்த நான்கு பேர் அன்று வர மாட்டார்கள்.

6. ஒப்பந்தமும் உண்மையான செலவும்

பொருளோடு சதுர அடிக்கு 2,350 ரூபாய் என்று 900 சதுர அடிக்குப் பேசினேன்: 21,15,000 ரூபாய். முடிந்தபோது ஆன செலவு 27 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேலே சொன்னவை போக, புதுப் படிக்கட்டு 1,85,000. கீழ்த்தளத்தில் ஏற்பட்ட வெடிப்பும் ஒழுகலும் சரிசெய்து வெள்ளையடிக்க 80,000. மின் இணைப்பு வேலைகள் 30,000. மாடிக்கு அஸ்திவாரச் செலவு இல்லையே, மலிவாக முடியும் என்று நினைத்தால் இப்படித்தான் ஆகும். பேசிய தொகைக்கு மேல் கால் பங்கு கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது: சதுர அடியை எப்படி அளப்பார்கள் என்பது. பால்கனி முழுதாகவா, பாதியாகவா? சன்ஷேட் சேருமா? படிக்கட்டுக்கு மேலே வரும் சிறு அறை? எனக்கு இந்த ஒரு வரியில் 60 சதுர அடி தகராறு வந்தது. சிமென்ட், கம்பி ஆகியவற்றின் தரம், மின்விசைப் பலகை, குழாய், டைல்ஸ் ஆகியவற்றின் விலை வரம்பு, இடிபாடுகளை அகற்றுவது யார் என்பது ஆகியவற்றையும் எழுதுங்கள். முன்பணம் பத்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். மீதியைப் பில்லர், லிண்டல், தளக் கான்கிரீட், பூச்சு, தரை என்று கட்டம் கட்டமாக.

வங்கிக் கடனும் கட்டம் கட்டமாகத்தான் வரும், அதுவும் வேலை முடிந்த கட்டத்தைப் பார்த்த பிறகு. முதல் இரண்டு கட்டத்துக்கு உங்கள் கைப்பணம்தான் ஓட வேண்டும். சிமென்ட் மீதான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. என் கடைசி மூட்டை அதற்கு இரண்டு வாரம் முன்பே வந்து இறங்கியிருந்தது.

7. எப்போது தொடங்குவது

தையில் தொடங்கி, ஆவணிக்குள் தளக் கான்கிரீட்டை முடிப்பது உத்தமம். காரணம் வடகிழக்குப் பருவமழை. பழைய மொட்டை மாடியில் தட்டோடும், அதன் கீழே செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவையும் இருக்கும். எடையைக் குறைக்க அதைப் பெயர்த்தெடுப்பார்கள். பெயர்த்த நாளிலிருந்து மேல்தளம் மூடும் நாள் வரை உங்கள் கீழ் வீட்டுக்குக் குடை இல்லை. "முதலில் உடைத்து வைத்துவிடுகிறேன் சார்" என்று அவர்கள் அவசரப்படுவார்கள். பில்லர் கம்பி வேலைக்கு ஆள் தயாரான பிறகே உடைக்க விடுங்கள்.

எட்டு மாதம் கீழே குடியிருந்துகொண்டே கட்டினோம். தண்ணீர்த் தொட்டியை இறக்குவதால் கீழே தற்காலிகத் தொட்டி ஒன்று வேண்டும். கட்டுமானத்துக்கு வீட்டு மின் இணைப்பைப் பயன்படுத்தலாமா என்பதை முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தேர்வு எழுதும் பிள்ளை இருந்தால் பங்குனியில் இடிப்பு வேலை வைக்காதீர்கள்.

8. தளம் போடும் நாளும் அடுத்த மூன்று வாரமும்

கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் பொறியாளர் வந்து கம்பியைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். கம்பி, மின்குழாய், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் மூடுவதற்கு முன் நாடாவை வைத்துப் படமெடுங்கள். பிறகு ஆணி அடிக்கும்போது அந்தப் படங்கள்தான் துணை.

முட்டுகளை அவசரமாகப் பிரிக்க விடாதீர்கள். சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறுகிறது என்பது அவர்கள் கவலை. நாலரை மீட்டர் வரையான தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், ஆறு மீட்டர் வரையான பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 சொல்லும் குறைந்தபட்சம். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். இப்போது சந்தையில் பெரும்பாலும் கிடைக்கும் சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட்டுக்குப் பத்து நாளுக்குக் குறையாமல். சித்திரை வெயிலில் இரண்டு வாரம். இந்த வேலையைக் கூலியாளிடம் விடாமல் நாங்களே செய்தோம், காலையும் மாலையும்.

9. முடிந்த பிறகு

மாநகராட்சியில் சொல்லிச் சொத்து வரியை மறுமதிப்பீடு செய்துவிடுங்கள். அவர்களே கண்டுபிடித்து வந்தால் பழைய காலத்துக்கும் சேர்த்துக் கேட்பார்கள். மாடிக்குத் தனி மின் இணைப்பு வேண்டுமானால் தனி வாசலும் தனிச் சமையலறையும் இருப்பது நல்லது. ஒரே குடும்பம் இரண்டு இணைப்பு வைத்திருக்கிறதா என்று ஆய்வுக்கு வருகிறார்கள்.

கடைசியாக, புது மேல்தளத்திலும் மேஸ்திரி பில்லர் கம்பிகளை இரண்டடி நீட்டி விட்டிருந்தார், "நாளைக்கு உங்கள் பையன் கட்டுவான் சார்" என்று. எங்கள் அஸ்திவாரம் இன்னொரு தளத்தைத் தாங்காது என்று பொறியாளரின் அறிக்கையில் தெளிவாக இருக்கிறது. கம்பிகளைத் தளத்தோடு அறுத்து, மேலே கான்கிரீட்டால் மூடச் சொன்னேன். மேஸ்திரிக்கு வருத்தம்தான்.